லைசோசைம்

லைசோசைம் என்பது மனிதரின் கண்ணீர், உமிழ்நீர், மூக்குச்சளி, தாய்ப்பால் முதலிய நீர்மங்களில் சுரக்கப்படும் ஒரு நொதி ஆகும். இது பாக்டீரியாக்களின் செல்சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கான் என்னும் பெருமூலக்கூறை வெட்டி அவற்றைச் சிதைக்கிறது. பிறவியிலேயே அமைந்துள்ள நோயெதிர்ப்பாற்றலின் முதல் அரண்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. நொதிகளின் பன்னாட்டு வகைப்பாட்டில் இதன் எண் ஈ.சி. 3.2.1.17 ஆகும். முராமிடேசு என்ற பெயராலும் இது அழைக்கப்படுகிறது.

உடலின் எல்லாச் செல்களும் லைசோசைமை உருவாக்குவதில்லை. மோனோசைட்டுகள், மேக்ரோஃபேஜ்கள், நியூட்ரோஃபில்கள் ஆகிய இரத்த வழிச் செல்களும், சிறுகுடலின் பேனெத் செல்களும், சில சுரப்பிச் செல்களுமே இதை மிகுதியாக உருவாக்குகின்றன. இதனால் இச்செல்களை இனங்காண உதவும் குறிப்பானாக ஆய்வகங்களிலும் நோயறிதலிலும் லைசோசைம் பயன்படுகிறது. ஆயினும், ஒன்றுக்கு மேற்பட்ட செல்வகைகள் இதை உருவாக்குவதாலும், உருவான நொதி செல்லை விட்டு வெளியேறிவிடுவதாலும், எந்த இடத்தில் எந்த முறையால் கண்டறியப்பட்டது என்பதைப் பொறுத்தே இக்குறிப்பானின் பொருள் அமைகிறது.

லைசோசைம், லைசோசோம் ஆகிய இரு சொற்களும் ஒன்றுபோல் ஒலித்தாலும் வெவ்வேறானவை. லைசோசோம் என்பது பல நொதிகளைக் கொண்ட, செல்லுக்குள் அமைந்த ஒரு நுண்ணுறுப்பு. லைசோசைம் என்பது ஒரு தனிப் புரதம்.

கண்டுபிடிப்பு

முட்டையின் வெள்ளைக்கருவுக்குப் பாக்டீரியாக்களை அழிக்கும் தன்மை உண்டு என்பதை 1909-ஆம் ஆண்டில் லாஷ்சென்கோ என்பவர் குறிப்பிட்டிருந்தார். எனினும் இந்நொதியைத் தனியே இனங்கண்டு பெயரிட்டவர் அலெக்சாண்டர் பிளெமிங் ஆவார். இலண்டனின் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிவந்த அவர், 1921-இன் பிற்பகுதியில் சளி பிடித்திருந்தபோது தமது மூக்குச்சளியை ஆய்வுத்தட்டில் இட்டு வளர்த்தார். அதில் வளர்ந்த மஞ்சள் நிறப் பாக்டீரியா ஒன்றின் மீது மூக்குச்சளியை மீண்டும் சேர்த்தபோது, பாக்டீரியாக்கள் கரைந்து மறைவதைக் கண்டார். கண்ணீர், உமிழ்நீர், இரத்தச் சீரம், முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றுக்கும் இதே தன்மை இருப்பது அடுத்து வந்த ஆய்வுகளில் தெரியவந்தது. ஆய்வுக்குத் தேவையான கண்ணீரைப் பெறுவதற்கு எலுமிச்சையின் சாறு பயன்படுத்தப்பட்டது.

இக்கண்டுபிடிப்பு 1922-இல் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. கரைத்தல் என்னும் பொருள் தரும் 'லைசோ', நொதியைக் குறிக்கும் 'சைம்' என்னும் இரு கிரேக்க வேர்களை இணைத்து இதற்குப் பெயர் சூட்டப்பட்டது. ஆய்வுக்குப் பயன்பட்ட பாக்டீரியா மைக்ரோகாக்கஸ் லைசோடெய்க்டிகஸ் எனப்பட்டது. இன்று மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் என வழங்கும் இதுவே லைசோசைமின் செயல்திறனை அளக்க இன்றளவும் பயன்படுகிறது.

நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றின் மீது லைசோசைம் வலுவாகச் செயல்படாததால் அது மருந்தாக வளரவில்லை. ஆயினும் மருத்துவ வரலாற்றில் அதற்கு வேறொரு பங்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் புளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் 1930-களில் லைசோசைமை ஆராய்ந்தனர். இயற்கையில் கிடைக்கும் பாக்டீரியா எதிர்ப்புப் பொருள்களைப் பற்றிய அவர்களது தேடல் அங்கிருந்து பெனிசிலினுக்குச் சென்றது. லைசோசைமும் பெனிசிலினும் தாக்குவது ஒரே கட்டமைப்பையே. கட்டி முடித்த பெப்டிடோகிளைக்கானின் சர்க்கரைச் சங்கிலியை லைசோசைம் வெட்டுகிறது. அச்சங்கிலிகளைக் குறுக்கே இணைக்கும் கட்டுமான வேலையைப் பெனிசிலின் தடுக்கிறது.

மரபணுவும் கட்டமைப்பும்

மனிதரில் லைசோசைமுக்கான மரபணு எல்ஒய்இசட் எனக் குறிக்கப்படுகிறது. இது 12-ஆம் குரோமோசோமின் நீள்கரத்தில் அமைந்துள்ளது. இம்மரபணுவிலிருந்து முதலில் 148 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் உருவாகிறது. அதன் முன்முனையில் உள்ள 18 அமினோ அமிலங்கள் சமிக்ஞைப் பெப்டைடு ஆகும். இப்புரதம் சுரத்தலுக்குரியது என்று செல்லுக்கு அறிவிப்பது இப்பகுதியே. எண்டோபிளாச வலைக்குள் நுழைந்ததும் இப்பகுதி வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சும் 130 அமினோ அமிலங்களைக் கொண்ட முதிர்ந்த நொதி, கோல்கை உறுப்பு வழியாகச் சுரப்புத் துகள்களுக்கோ நேராகச் செல்லின் வெளிப்புறத்துக்கோ செல்கிறது.

முதிர்ந்த நொதியின் மூலக்கூறு எடை சுமார் 14.7 கிலோடால்டன். எட்டு சிஸ்டீன்கள் நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகளாக இணைந்து மூலக்கூறை இறுக்கமாகக் கட்டிவைக்கின்றன. புரதங்களைச் செரிக்கும் நொதிகள் நிறைந்த வாய், குடல் போன்ற இடங்களில் லைசோசைம் நிலைத்து நிற்பதற்கு இவ்விறுக்கம் துணைசெய்கிறது. மூலக்கூறில் நேர்மின் தன்மையுள்ள அமினோ அமிலங்கள் மிகுதி. பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின் தன்மை கொண்டது. ஆகவே நொதி அதனிடம் எளிதில் ஈர்க்கப்படுகிறது.

கோழிமுட்டை வெள்ளைக்கருவின் லைசோசைம் 129 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் வரிசையில் ஏறக்குறைய 60 விழுக்காடு மனித லைசோசைமை ஒத்திருக்கிறது. வெள்ளைக்கருவின் புரதத்தில் சுமார் 3.5 விழுக்காடு லைசோசைம் என்பதால் இது மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்கிறது. எளிதில் படிகமாகவும் மாறுகிறது. எனவே புரத வேதியியலின் பல அடிப்படை ஆய்வுகள் கோழிமுட்டை லைசோசைமைக் கொண்டே செய்யப்பட்டன. 1965-இல் இலண்டன் ராயல் நிறுவனத்தில் டேவிட் பிலிப்ஸ் தலைமையிலான குழு எக்ஸ் கதிர் படிகவியல் மூலம் இதன் முப்பரிமாணக் கட்டமைப்பை 2 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் கண்டறிந்தது. கட்டமைப்பு முழுமையாக அறியப்பட்ட முதல் நொதி இதுவே. நொதியோடு தடுப்பான் மூலக்கூறுகள் எங்கே பிணைகின்றன என்பதை அதே ஆய்வகத்தில் லூயிஸ் ஜான்சன் கண்டறிந்தார். ஒரு நொதி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அதன் வடிவத்தைப் பார்த்தே விளக்க முடிந்தது அதுவே முதல்முறை.

வினையாற்றும் விதம்

பெப்டிடோகிளைக்கானில் என்-அசிட்டைல்குளுக்கோசமைன், என்-அசிட்டைல்முராமிக் அமிலம் என்னும் இரு சர்க்கரைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக நீண்ட சங்கிலியாக அமைந்துள்ளன. சங்கிலிகளைச் சிறிய பெப்டைடுகள் குறுக்கே இணைக்கின்றன. வலைப்பின்னல் போன்ற இவ்வமைப்பே பாக்டீரியாவின் உள்ளழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது.

லைசோசைம் மூலக்கூறின் ஒரு பக்கத்தில் நீண்ட பிளவு ஒன்று உள்ளது. சங்கிலியின் ஆறு சர்க்கரை அலகுகள் அதனுள் பொருந்துகின்றன. பிளவில் உள்ள இரு அமினோ அமிலங்கள் வெட்டும் வேலையைச் செய்கின்றன. 35-ஆம் இடத்திலுள்ள குளுட்டாமிக் அமிலம் இரு சர்க்கரைகளை இணைக்கும் ஆக்சிஜனுக்குப் புரோட்டான் ஒன்றை வழங்குகிறது. மனித நொதியில் 53-ஆம் இடத்திலும் கோழி நொதியில் 52-ஆம் இடத்திலும் உள்ள ஆஸ்பார்ட்டிக் அமிலம், வெட்டப்படும் சர்க்கரையோடு தற்காலிகமாகச் சகப்பிணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. பின்னர் நீர் மூலக்கூறு ஒன்று வந்து அப்பிணைப்பைப் பிளக்கிறது.

இந்த இடைநிலையின் தன்மை குறித்து நீண்ட காலம் கருத்து வேறுபாடு நிலவியது. மின்னேற்றம் பெற்ற சர்க்கரை அயனியே இடைநிலை என்பது பிலிப்ஸ் முன்வைத்த விளக்கம். இவ்வகை நொதிகளில் சகப்பிணைப்பு இடைநிலை உருவாகும் என டேனியல் கோஷ்லாண்ட் 1953-இலேயே கருதியிருந்தார். 2001-இல் ஸ்டீபன் விதர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, சகப்பிணைப்பு இடைநிலை உருவாவதை நேரடியாகக் காட்டியது. அதற்குள் முதலாவது விளக்கம் பல பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது.

வலைப்பின்னல் போதிய இடங்களில் வெட்டப்பட்டதும், உள்ளழுத்தத்தைத் தாங்க இயலாமல் பாக்டீரியா வெடித்துச் சிதைகிறது.

உடலில் சுரக்கும் இடங்கள்

கண்ணீர் மனித உடலில் லைசோசைம் மிகவும் செறிந்துள்ள நீர்மங்களுள் ஒன்று. ஒரு மில்லிலிட்டர் கண்ணீரில் இது மில்லிகிராம் அளவில் உள்ளது. இரத்தச் சீரத்திலோ மைக்ரோகிராம் அளவிலேயே காணப்படுகிறது. தொடுவில்லைகளின் மீது படியும் புரதப் படிவில் லைசோசைம் முதன்மையானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

தாய்ப்பாலிலும் லைசோசைம் மிகுதி. பசும்பாலோடு ஒப்பிட்டால் தாய்ப்பாலில் அது ஆயிரம் மடங்குக்கும் மேல் கூடுதலாக உள்ளது. தாய்ப்பாலின் பல பாதுகாப்புப் பொருள்கள் காலப்போக்கில் குறையும்போது லைசோசைமின் செறிவு கூடுகிறது.

மூச்சுக்குழல் சுவரில் உள்ள சுரப்பிகளின் நீர்ச்செல்களும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் லைசோசைமைச் சுரக்கின்றன. சிறுகுடலின் லீபர்கூன் குழிகளின் அடியில் அமைந்த பேனெத் செல்கள், பெரிய சுரப்புத் துகள்களில் இதைச் சேமித்துவைத்துக் குடலினுள் வெளியிடுகின்றன. நியூட்ரோஃபில்கள் தமது துகள்களில் இதைச் சேமித்து, தூண்டல் பெற்றதும் வெளியிடுகின்றன. மேக்ரோஃபேஜ்கள் அவ்வாறல்ல. அவை தூண்டல் இல்லாமலே லைசோசைமைத் தொடர்ந்து சுரந்துகொண்டிருக்கும் என்பதை 1974-இல் சியமோன் கோர்டன், டாட், ஜான்வில் கோன் ஆகியோர் காட்டினர். சேமித்து வெளியிடுதல், இடைவிடாது சுரத்தல் என்னும் இவ்விரு முறைகளின் வேறுபாடு, குறிப்பானாக லைசோசைமைப் படிக்கும்போது முக்கியமாகிறது.

இரத்தத்தில் கலக்கும் லைசோசைம் சிறிய மூலக்கூறு என்பதால் சிறுநீரகத்தின் கிளாமருலஸ் வழியாக எளிதில் வடிகட்டப்படுகிறது. அண்மைச் சுருள் நுண்குழல் அதை மீண்டும் உறிஞ்சிச் சிதைத்துவிடுகிறது. ஆகவே நலமுள்ளவரின் சிறுநீரில் லைசோசைம் மிகக் குறைவாகவே இருக்கும்.

உயிரியல் பணிகள்

பாக்டீரியாக்களை அழித்தல்: கிராம் நேர்மறை பாக்டீரியாக்களில் பெப்டிடோகிளைக்கான் வெளிப்புறத்தில் இருப்பதால் லைசோசைம் அதை நேரடியாக அடைகிறது. கிராம் எதிர்மறை பாக்டீரியாக்களில் வெளிச்சவ்வு ஒன்று அதை மூடிக் காக்கிறது. லாக்டோஃபெரின் போன்ற பிற புரதங்கள் அச்சவ்வைக் குலைக்கும்போது லைசோசைம் உள்ளே நுழைய வழி பிறக்கிறது. கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் இவ்விரு புரதங்களும் சேர்ந்தே காணப்படுகின்றன. நொதியின் வெட்டும் திறனைச் சாராமல், அதன் நேர்மின் தன்மையால் சவ்வைக் குலைத்துப் பாக்டீரியாவைக் கொல்லும் இரண்டாவது வழியும் உண்டு. நுரையீரலில் லைசோசைம் கூடுதலாக உருவாகுமாறு மரபணு மாற்றிய சுண்டெலிகளின் நுரையீரல், பாக்டீரியாக்களை மேம்பட்ட முறையில் அழித்தது 2000-இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது.

நோயெதிர்ப்பைத் தூண்டுதல்: பெப்டிடோகிளைக்கான் சிதையும்போது வெளிப்படும் சிறு துண்டுகளை, செல்லுக்குள் உள்ள நாட்1, நாட்2 ஆகிய உணர்புரதங்கள் அறிந்து எச்சரிக்கை எழுப்புகின்றன. மேக்ரோஃபேஜ் விழுங்கிய பாக்டீரியாவை லைசோசைம் உடைப்பதால் இத்துண்டுகள் கிடைக்கின்றன.

அழற்சியைத் தணித்தல்: லைசோசைம் அழற்சியை அடக்கவும் செய்கிறது. சுண்டெலிகளில் மேக்ரோஃபேஜ் வகை லைசோசைமை நீக்கிவிட்டு மைக்ரோகாக்கஸ் லூட்டியஸைச் செலுத்தியபோது, அழற்சி கடுமையாகி நீடித்தது. சிதைக்கப்படாத பெப்டிடோகிளைக்கான் திசுவில் தங்கித் தொடர்ந்து தூண்டுவதே இதற்குக் காரணம் என விளக்கப்படுகிறது. ஆகவே கொல்லுதல் மட்டுமின்றி, கொன்றபின் எஞ்சுவதை அகற்றித் துப்புரவு செய்தலும் லைசோசைமின் பணியாகும்.

குடல் நுண்ணுயிர்களைச் சீர்ப்படுத்துதல்: பேனெத் செல்கள் சுரக்கும் லைசோசைம் குடலில் வாழும் பாக்டீரியாக் கூட்டத்தின் அமைப்பைப் பாதிக்கிறது. நோய்க்கிருமிகள் பேனெத் செல்லின் வழக்கமான சுரப்புப் பாதையைக் குலைக்கும்போது, தன்விழுங்கலோடு தொடர்புடைய மாற்றுப் பாதை ஒன்றின் வழியாக லைசோசைம் வெளியேற்றப்படுவதை 2017-இல் வெளியான சுண்டெலி ஆய்வு ஒன்று காட்டியது.

சில விலங்குகளில் லைசோசைம் உணவைச் செரிக்கவும் பயன்படுகிறது. பசு போன்ற அசைபோடும் விலங்குகளும், இலையுண்ணும் லங்கூர் குரங்குகளும் முன்வயிற்றில் தாவர உணவைப் பாக்டீரியாக்களின் துணையால் நொதிக்கச் செய்கின்றன. பின்னர் அப்பாக்டீரியாக்களையே இரைப்பை லைசோசைமால் சிதைத்துச் செரிக்கின்றன. நெருங்கிய உறவற்ற இவ்விரு விலங்குகளின் லைசோசைம்களில் ஒரே இடங்களில் ஒரே மாற்றங்கள் தனித்தனியே தோன்றியிருப்பது, 1987 முதல் குவிபரிணாமத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டுவருகிறது.

பாக்டீரியாக்களின் எதிர்ப்பு உத்திகள்

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், முராமிக் அமிலத்தின் மீது அசிட்டைல் தொகுதி ஒன்றைச் சேர்த்து, நொதியின் பிளவுக்குள் சங்கிலி பொருந்தாதவாறு செய்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், குளுக்கோசமைனிலிருந்து அசிட்டைல் தொகுதியை நீக்கி அதே பயனைப் பெறுகிறது. எஷரிக்கியா கோலி, லைசோசைமின் செயல்மையத்தை அடைக்கும் தடுப்புப் புரதத்தை உருவாக்குகிறது. பிளெமிங் கண்ட புதிருக்கு இவ்வுத்திகளே விடை தருகின்றன. மனித உடலின் நீர்மங்களில் எங்கும் லைசோசைம் இருப்பதால், அதைத் தாங்கும் திறன் பெற்ற பாக்டீரியாக்களே உடலில் நோயாக நிலைபெற முடிகிறது.

குறிப்பானாகப் பயன்படுதல்

இரத்தப் புற்றுநோய்

1966-இல் அமெரிக்க ஆய்வாளர்களான எலியட் ஆஸர்மன், டோலோரஸ் லாலர் ஆகியோர், மோனோசைட் வகை இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் சீரத்திலும் சிறுநீரிலும் லைசோசைம் பெருமளவில் இருப்பதைக் கண்டறிந்தனர். புற்றுநோயாகப் பெருகிய செல்கள், தாம் தோன்றிய மோனோசைட் மரபின் இயல்பை விடாமல் நொதியைச் சுரந்துகொண்டேயிருப்பது இதற்குக் காரணம். சிறுநீரகத்தின் மீளுறிஞ்சும் ஆற்றலை மிஞ்சிய லைசோசைம் சிறுநீரில் வெளிப்படுகிறது. சில நோயாளிகளில் இது நுண்குழல்களுக்கே ஊறு விளைவிக்கிறது. மனித லைசோசைமின் தொடக்ககால ஆய்வுகளுக்குத் தேவையான நொதி, இத்தகைய நோயாளிகளின் சிறுநீரிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது.

இன்று இரத்தப் புற்றுநோயை வகைப்படுத்த மேற்பரப்புப் புரதங்களும் மரபணுச் சோதனைகளும் முதன்மையாகப் பயன்படுகின்றன. எனினும், எலும்பு மச்சைக்கு வெளியே கட்டியாகத் தோன்றும் மையலாய்டு சர்க்கோமா போன்றவற்றில், லைசோசைமுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கொண்டு திசுவைச் சாயமேற்றும் சோதனை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. மையலோபெராக்சிடேசு, சிடி68 ஆகியவற்றோடு சேர்த்தே அதன் முடிவு படிக்கப்படுகிறது.

பேனெத் செல்கள்

குடல் திசுத் துண்டில் குழியின் அடியில் லைசோசைம் சாயம் ஏற்கும் செல்கள் பேனெத் செல்கள் என அடையாளம் காணப்படுகின்றன. அவை எங்கே உள்ளன என்பதும் எப்படி உள்ளன என்பதும் நோய்த் தகவலாகின்றன. பெருங்குடலின் இறுதிப் பகுதிகளில் இயல்பாகப் பேனெத் செல்கள் இருப்பதில்லை. அங்கே அவை தோன்றினால் நாட்பட்ட அழற்சியின் விளைவான திசுமாற்றம் எனக் கருதப்படுகிறது. குரோன் நோயோடு தொடர்புடைய ஏடிஜி16எல்1 மரபணுவின் இடர் வடிவத்தைக் கொண்டவர்களின் பேனெத் செல்களில், லைசோசைம் துகள்களாக ஒழுங்குறாமல் சிதறிக் கிடப்பது 2008-இல் காட்டப்பட்டது. இங்கு லைசோசைம், செல்லின் பெயரோடு அதன் நலத்தையும் தெரிவிக்கும் குறிப்பானாகிறது.

மரபணு மாற்றிய சுண்டெலிகள்

மனிதரில் லைசோசைமுக்கு ஒரே மரபணுதான் உண்டு. சுண்டெலியில் இரண்டு உள்ளன. லைஸ்1 பேனெத் செல்களிலும், லைஸ்2 மோனோசைட், மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் ஆகிய மையலாய்டு செல்களிலும் இயங்குகின்றன. லைஸ்2 மரபணுவின் பழைய பெயர் லைசோசைம் எம்.

1999-இல் பியோர்ன் கிளாசன் முதலானோர் லைஸ்2 மரபணு இருக்கும் இடத்தில் கிரி என்னும் வைரஸ் வழி நொதியின் மரபணுவைப் பொருத்தினர். கிரி நொதி, லாக்ஸ்பி எனப்படும் இரு குறியிடங்களுக்கு இடைப்பட்ட டி.என்.ஏ.வை வெட்டி நீக்கும். லைசோசைம் உருவாகும் செல்களில் மட்டும் கிரி உருவாவதால், ஆய்வாளர் விரும்பும் மரபணுவை மையலாய்டு செல்களில் மட்டும் நீக்க இயல்கிறது. நோயெதிர்ப்பியல், புற்றுநோய், இதயநோய் ஆய்வுகளில் இவ்வகைச் சுண்டெலிகள் உலகெங்கும் பயன்படுகின்றன. 2000-இல், அதே மரபணு இடத்தில் பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவைப் பொருத்திய சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. அவற்றில் நியூட்ரோஃபில்கள் உயிருள்ள திசுவினுள் நகர்வதை நுண்ணோக்கியில் நேரடியாகக் காண முடிகிறது.

தனிச்செல் ஆர்.என்.ஏ. ஆய்வு

ஆயிரக்கணக்கான செல்களில் இயங்கும் மரபணுக்களை ஒவ்வொரு செல்லாகப் படிக்கும் இம்முறையில், இரத்தச் செல்களுள் மோனோசைட்டுகளைப் பிரித்தறிய எல்ஒய்இசட், சிடி14 ஆகிய மரபணுக்கள் வழக்கமாகப் பார்க்கப்படுகின்றன. மோனோசைட்டுகளில் எல்ஒய்இசட் ஆர்.என்.ஏ. மிகுதியாக இருப்பதால் அவற்றின் தொகுதி தெளிவாகப் பிரிந்து தெரிகிறது.

நோய்களுடனான தொடர்பு

மரபுவழி லைசோசைம் அமிலாய்டு நோய்: 1993-இல் மார்க் பெப்பிஸ் குழுவினர், லைசோசைம் மரபணுவில் நேரும் சடுதிமாற்றங்கள் அமிலாய்டு நோயை உண்டாக்குவதைக் கண்டறிந்தனர். 56-ஆம் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதில் திரியோனினும், 67-ஆம் இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடினும் அமைவது அவர்கள் கண்ட இரு மாற்றங்களாகும். மாறிய புரதம் நிலைத்தன்மை குன்றி, பகுதியாக மடிப்பவிழ்ந்து, நார்களாகத் திரண்டு சிறுநீரகம், கல்லீரல், குடல் முதலியவற்றில் படிகிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மாறிய மரபணுவைப் பெற்றாலே நோய் வரக்கூடும்.

அளவு மாற்றங்கள்: சார்கோய்டோசிஸ், காசநோய் போன்ற, மேக்ரோஃபேஜ்கள் திரண்டு கணுக்களாகும் நோய்களில் சீர லைசோசைம் உயரலாம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்தாலும் சீர அளவு உயரும். நுண்குழல்கள் பழுதுபட்டால் சிறுநீரில் லைசோசைம் வெளிப்படும். கண்ணீர்ச் சுரப்பிகள் தாக்கப்படும் ஸ்யோகிரன் நோயில் கண்ணீரின் லைசோசைம் குறையும்.

அளவிடும் முறைகள்

மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் கலந்த கலங்கல் நீர்மத்தில் மாதிரியைச் சேர்த்து, கலங்கல் தெளியும் வேகத்தை 450 நானோமீட்டர் ஒளியில் அளப்பது பழைய முறை. பாக்டீரியா கலந்த அகார் தட்டில் குழியிட்டு மாதிரியை வார்த்து, தெளிந்த வளையத்தின் விட்டத்தை அளப்பது மற்றொன்று. இவ்விரண்டும் நொதியின் செயல்திறனை அளக்கின்றன. எதிர்ப்பொருளைப் பயன்படுத்தும் எலிசா முறையோ புரதத்தின் அளவைக் காட்டுகிறது. மனித லைசோசைமின் செயல்திறன் கோழி லைசோசைமைவிடக் கூடுதல் என்பதால், எதை ஒப்பீட்டு அளவாகக் கொண்டார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். இதனால் வெவ்வேறு ஆய்வகங்களின் எண்களை நேராக ஒப்பிட இயலாது.

குறிப்பானின் வரம்புகள்

லைசோசைம் இருக்கிறது என்ற முடிவு ஒரு செல்வகையைத் தனித்துச் சுட்டுவதில்லை. இரத்தத்தில் மோனோசைட்டைக் குறிக்கும் அதே குறிப்பான், குடலில் பேனெத் செல்லையும் மூச்சுக்குழலில் சுரப்பிச் செல்லையும் குறிக்கிறது. எனவே திசு எது என்பதை அறியாமல் முடிவைப் படிக்க இயலாது.

மேக்ரோஃபேஜ்கள் இடைவிடாது சுரப்பதால், நொதி சுற்றியுள்ள திசுவில் பரவி, சாயமேற்றிய படத்தில் பின்னணி நிறமாகத் தெரியலாம். அதேபோல் தனிச்செல் ஆய்வில், உடைந்த மோனோசைட்டுகளிலிருந்து கசிந்த எல்ஒய்இசட் ஆர்.என்.ஏ., அதை உருவாக்காத டி செல்களிலும் சிறிதளவு இருப்பதுபோல் தோன்றக்கூடும். மிகுதியாக உள்ள குறிப்பானுக்கே இவ்விடர் அதிகம்.

சீர லைசோசைம் உயர்ந்திருந்தால், அது உற்பத்தி கூடியதாலா, சிறுநீரக வெளியேற்றம் குறைந்ததாலா என்பதை அந்த ஓர் எண் மட்டும் கூறாது. சார்கோய்டோசிஸையும் காசநோயையும் பிரித்தறிய அது உதவாது. இவ்விரண்டுக்கும் மருத்துவம் முற்றிலும் வேறு. சார்கோய்டோசிஸுக்கு அளிக்கப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் நோயெதிர்ப்பை அடக்குபவை. காசநோய் உள்ளவருக்குத் தவறாக அவற்றை மட்டும் அளித்தால் நோய் பரவக்கூடும். ஆகவே லைசோசைம் அளவு துணைச் சான்றாகவே கொள்ளத்தக்கது.

கிரி சுண்டெலிகளிலும் இரு எச்சரிக்கைகள் உள்ளன. நுரையீரலின் இரண்டாம் வகை நுண்ணறைச் செல்களிலும் லைஸ்2 இயங்குகிறது. ஆதலால் நுரையீரல் ஆய்வில் கண்ட விளைவு மேக்ரோஃபேஜால் மட்டுமே நேர்ந்தது என்று கூறிவிட முடியாது. மேலும், கிரி மரபணு லைஸ்2 மரபணுவின் இடத்தையே பிடித்துக்கொள்வதால், இரு பிரதிகளிலும் கிரி கொண்ட சுண்டெலியில் மேக்ரோஃபேஜ் வகை லைசோசைம் முற்றிலும் இல்லாமற் போகிறது. அத்தகைய சுண்டெலி பாக்டீரியாத் தொற்றுக்கு எளிதில் ஆட்பட்டாலோ, அதன் அழற்சி கடுமையானாலோ, காரணம் ஆய்வாளர் நீக்கிய மரபணுவாகவும் இருக்கலாம், லைசோசைம் இல்லாமையாகவும் இருக்கலாம். இதைத் தவிர்க்க, ஒரு பிரதியில் மட்டும் கிரி உள்ள சுண்டெலிகளைப் பயன்படுத்துவதும், கிரி மட்டும் கொண்ட சுண்டெலிகளை ஒப்பீட்டுக்காகச் சேர்ப்பதும் முறையாகும்.

பிற பயன்கள்

ஆய்வகங்களில் பாக்டீரியாக்களை உடைத்து டி.என்.ஏ. அல்லது புரதத்தைப் பிரித்தெடுக்கக் கோழிமுட்டை லைசோசைம் பயன்படுகிறது. எஷரிக்கியா கோலி போன்றவற்றுக்கு, வெளிச்சவ்வைத் தளர்த்தும் ஈ.டி.டி.ஏ. சேர்க்கப்படுகிறது. 1953-இல் கிளேஸ் வெய்புல், சர்க்கரைக் கரைசலில் வைத்த பேசில்லஸ் மெகாடீரியத்தின் செல்சுவரை லைசோசைமால் நீக்கி, வெடிக்காத உருண்டை வடிவப் புரோட்டோபிளாஸ்ட்டுகளைப் பெற்றார். பாக்டீரியாவுக்கு வடிவத்தைத் தருவது செல்சுவரே என்பதை இச்சோதனை காட்டியது.

உணவுத் தொழிலில் முதிர்ந்த பாலாடைக்கட்டிகளைக் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாக்கள் கெடுக்காமல் காக்க, இ1105 என்ற எண்ணுடன் லைசோசைம் சேர்க்கப்படுகிறது. இது முட்டையிலிருந்து பெறப்படுவதால், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் இவ்வெண்ணைக் கவனித்துத் தவிர்க்க வேண்டும்.